ஒரு சாண் தள்ளி

அண்ணன் ஃபோனில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ஆறடி ஆழம் எங்கேம்மா கிடைக்கும்?"

நான் ஆபீசில் மண் மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஈரமாக்கி விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சேறு. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "எதுக்கு?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"உன் அண்ணிக்கு மேட்டுல, வெயில் பக்கம் வேணுமாம்," என்றான். "நானும் தோண்டிப் பாத்துட்டேன். எங்க தோண்டினாலும் பாறைதான். நீ மண்ணுக்குன்னே படிச்சவ. ஒரு நடை வந்து பாத்துச் சொல்லு."

அண்ணிக்கு வயிற்றில் கட்டி. அறுத்தாயிற்று, மருந்து ஏற்றியாயிற்று, இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியுமாயிற்று. எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஆறடி என்று ஒரு அளவாகக் காதில் விழுந்தபோதுதான் அண்ணி சாகப்போகிறாள் என்பது எனக்குள் இறங்கியது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிலத்தில் மண் எவ்வளவு ஆழம், அதில் கல் எத்தனை பங்கு, களி எத்தனை பங்கு, தண்ணீர் எவ்வளவு நாள் தங்கும் என்று குழி குழியாகப் பார்த்து வரைபடத்தில் குறிக்கிற வேலை. ஆபீசில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். நியாயமான பெயர்தான். ரோட்டில் நின்றபடியே சரிவைப் பார்த்து ஆழத்தை எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரை அடி கூட்டிச் சொன்னாலும் விடமாட்டேன். திரும்பப் போய்க் குத்திப் பார்த்துவிட்டு வா என்று துரத்திவிடுவேன். மனுஷர்களைப் பற்றி என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், மண்ணைப் பற்றிச் சொல்லக் கூடாது. இந்தக் கிறுக்கு அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றாகத் தெரியும்.

அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தை அளந்ததும் நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி ஆறிய இடம் அது. ஆறு அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு எங்கோ கீழே இறங்கிவிட்டது. அதனால் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் கருங்கல் படிக்கட்டு போல நிற்கும். படிக்கும் படிக்கும் நடுவில் நிற்கச் சிரமமான புல் சரிவு. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், ஆகா என்ன செழிப்பு என்பார்கள். பச்சைப் பசேலென்று மெத்தை போட்ட மாதிரித்தான் தெரியும். கிட்டே போனால் அது மெத்தை இல்லை, வெறும் போர்வை. மேலே கரும்பழுப்பில் பொலபொலவென்று கொஞ்சம் மண், அதிலும் பாதிக்குப் பாதி கல். அதற்குக் கீழே விரலில் ஒட்டுகிற செங்களி. கல்லைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு பூத்திருக்கும். முழங்கை ஆழம் போவதற்குள் பாறை வந்துவிடும். அந்தக் கொஞ்ச மண்ணைப் புல்வேர்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஆடுகள் காலங்காலமாகக் குறுக்கே நடந்து நடந்து, சரிவு முழுக்கச் சின்னச் சின்னப் படிகள்.

அண்ணன் வீடு ஆற்றில் வந்து சேருகிற ஒரு கிளைப் பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் ஓடை. ஓடைக்கு ஒரு பக்கம் நாள் பூராவும் வெயில் விழும். மறு பக்கம் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. ஒரே பாறைதான், ஆனால் மண் வேறு. நிழல் பக்கத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய புழுதி மாவு மாதிரி ஆள் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. ஈரம் காயாததால் புல் அடர்ந்து, மண்ணை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறது. வெயில் பக்கம் காய்ந்து, காற்றில் பறந்து, மழையில் வழிந்து, கல்தான் மிச்சம். அறிக்கையில் ஒவ்வொரு மண்ணும் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுத வேண்டும். வீடு கட்ட, ரோடு போட, ஆடு மேய்க்க, ஆழக் குழி வெட்ட. ஆழக் குழி என்றால் குழாய் பதிக்கிற பள்ளம், நிலவறை, சவக்குழி எல்லாம் சேர்த்தி. வெயில் பக்கத்துக்கு நேராக 'மிகக் கடினம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அண்ணி வீட்டில் மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, அவள் கொடுத்த மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

நான் போய் இறங்கியபோது குளிர் விட்டு, புல் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. வண்டியை நிறுத்தியதுமே சத்தம் கேட்டது. கடப்பாரை பாறையில் விழுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால், வீட்டுக்கு மேலே வெயில் பக்கம் முழுக்கக் குழி. பெருச்சாளி புகுந்த தோட்டம் போல இருந்தது. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு கல் குவியல். உச்சியில் அண்ணன் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான்.

அண்ணியின் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். பாதியாகியிருந்தாள். தலையணையில் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

"வாடி மண்ணாங்கட்டி," என்றாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "திருகாணி கொண்டுவந்திருக்கியா?"

நான் மண்ணைக் குத்திப் பார்க்கிற திருகுக் கம்பிக்கு அவள் வைத்த பெயர் திருகாணி. ஆள் உயர இரும்புக் கம்பி, நுனியில் திருகு, தலையில் குறுக்காகக் கைப்பிடி, உடம்பில் அடிக்கு ஒரு கோடு. கைப்பிடியைச் சுற்றினால் மண்ணைக் கவ்விக்கொண்டு இறங்கும்.

"வண்டியில இருக்கு அண்ணி," என்றேன். அழாமல் பேச வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"காலையிலேர்ந்து ஒரே கொல்லன் பட்டறைதான். கேட்டியா?" அண்ணி ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். "விளக்கு வைக்கிற நேரத்துக்குதான் இறங்கறார். வந்து நாலு வாய் சாப்பிட்டுட்டு அப்படியே சாஞ்சுடறார். கை ரெண்டும் கொப்புளம்."

"நீங்க கேட்டதுக்காகத்தானே தோண்டறான்?"

"நான் எங்கடி கேட்டேன்? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு, அந்தப் பக்கம் வெயில் நல்லா அடிக்குதுங்க, அங்கேயே படுத்துக்கலாம் போல இருக்குன்னு பேச்சுவாக்கில சொன்னேன். அவர் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். மறுநாள் விடியறதுக்குள்ள கடப்பாரையோட ஏறிட்டார்." பேசியதில் மூச்சு வாங்கியது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் குழி வேணாம். அவர் வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும். எனக்கு இனிமே நிறைய நாள் இல்ல. அதையும் பாறைக்கே குடுத்துட்டு இருக்கார்."

"நீங்களே சொல்லலாமே?"

"சொல்லாம இருப்பேனா? இதோ வந்துடறேம்மாங்கறார். போயிடறார்."

அந்த வெயில் பக்கத்தோடு அண்ணிக்கு ஒரு உறவு இருந்தது உண்மைதான். குளிர் அவளுக்கு ஆகவே ஆகாது. குளிர்காலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால், அங்கே கருங்கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கல் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் இறங்கும்போது சூடாக ஒரு கல்லைப் பொறுக்கி, முந்தானையில் சுற்றிக் கொண்டுவருவாள். ராத்திரி அதைத் துணியில் பொதிந்து காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். கல்லோடு குடித்தனம் நடத்துகிறாய் என்று அண்ணன் கேலி செய்வான். பிள்ளை இல்லாத வீட்டில் அவர்கள் இருவருக்கும் கேலிதான் துணை.

நான் திருகாணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தான். எப்போ வந்தே, சாப்பிட்டியா, ஒன்றும் இல்லை. "இங்க பாரு, இது கல்லுதானே? அடிப்பாறை இல்லையே?" என்று குழியைக் காட்டினான்.

அந்த மண்ணின் கொடுமையே அதுதான். மண்ணுக்குள் கல் மிதக்கிறது. சின்னது, தலையளவு, பானையளவு என்று கணக்கில்லாமல் கிடக்கிறது. குளிர்காலத்தில் ஈரம் உறைந்து, ஒவ்வொரு வருஷமும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். கம்பி போய் டங்கென்று நின்றால் தட்டியது மிதக்கிற கல்லா, அடியில் கிடக்கிற பாறையா என்று மேலே நின்று சொல்ல முடியாது. அதனால் ஒரு சாண் தள்ளி இன்னொரு முறை குத்த வேண்டும். அங்கேயும் நின்றால் மறுபடி ஒரு சாண். ஒரு குத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். நிலத்தை அளக்க வந்தபோது, கூடவே நடந்த அண்ணனுக்கும் அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆசையாகக் கேட்டுக்கொண்டான்.

இப்போது அந்த ஒரு சாண்தான் அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இது பாறையாக இருந்தால் என்ன, ஒரு சாண் தள்ளி ஆழம் இருக்கலாம். அதுவும் இல்லையா, இன்னொரு சாண். இப்படியே சரிவு முழுக்கப் போயிருந்தான். இல்லை என்று அவனுக்கு முடிவாகச் சொல்ல அந்த மண்ணால் முடியவில்லை. நான் சொல்லவேண்டியிருந்தது.

மேலிருந்து கீழ்வரை அவனோடு நடந்து குத்திப் பார்த்தேன். புல் அடர்ந்த இடம், ஆட்டுப்படி, பாறைக்கு அடியில் கல் சரிந்து குவிந்த இடம், எதையும் விடவில்லை. எல்லா இடத்திலும் கம்பி முதல் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டது. இரண்டாவது கோடு வரை போன இடங்களை எண்ண ஒரு கை போதும். அங்கேயும் ஒரு சாண் தள்ளினால் பழைய கதை.

"அண்ணா, இங்க இல்ல," என்றேன். "ஓடைக்கு அந்தப் பக்கம் தோண்டு. மண்வெட்டியாலயே வெட்டிடலாம். அங்க ஆறடி என்ன, அதுக்கு மேலேயே இருக்கு."

"அங்க வெயிலே விழாதே."

"தெரியும்."

"அவளுக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? அங்கேயா வைக்கச் சொல்றே?"

"செத்த பிறகு என்னண்ணா குளிரு?" என் வாய் எப்போதும் இப்படித்தான், முந்திக்கொள்ளும். அவன் முகம் சுருங்கிப்போனது. பார்க்கச் சகிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேலேயே கோபம் வந்தது. "அவங்க இன்னும் உயிரோட இருக்காங்க, கீழே. நீ இங்க பாறையோட மல்லுக்கட்டிட்டு இருக்கே. போய்ப் பக்கத்துல உக்காரேன்."

"வேலை இருக்கு," என்றான் அண்ணன். இரண்டு கையிலும் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினான். நான் கீழே இறங்கி வருகிற வரைக்கும் அந்தச் சத்தம் முதுகிலேயே விழுந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்களும் அப்படியே போயின. அண்ணிக்கு உடம்பு துடைத்துவிடுவது, கஞ்சி காய்ச்சுவது, அவள் குடிக்காத கஞ்சியைக் கொட்டுவது என் வேலை. சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னால் அண்ணன் கேட்டுக்கொள்வான். உள்ளே வா என்றால் மட்டும் காது கேட்காது. ராத்திரி வந்து கட்டில் காலடியில் தரையில் படுத்தவன், விடிவதற்குள் எழுந்து போய்விடுவான். அண்ணி பகல் முழுக்க ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எவ்வளவு சின்னதாத் தெரியறார் பாரேன், கட்டெறும்பு மாதிரி," என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "கூப்பிடுடி," என்றாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். அங்கிருந்தே கையை ஆட்டினான். அண்ணியும் படுத்தபடியே கையைத் தூக்கி ஆட்ட முயன்றாள். அவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிச் சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். தவறி விழுந்துவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு தடவை வருகிற நர்ஸ் வந்தாள். நாடியைப் பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஊசி போட்டாள். வாசல்வரை வழியனுப்பப் போன என்னிடம், "அடுத்த வாரம் நான் வரவேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன்," என்றாள் மெதுவாக. "வீட்டுக்காரரை எங்கேயும் போகவிடாதீங்க."

அவள் போன பிறகு வாசலிலேயே நின்று சரிவைப் பார்த்தேன். அவன் நகர்ந்து நகர்ந்து கிட்டத்தட்ட எல்லைக் கம்பிவேலிக்குப் போய்விட்டான். சொல்லிப் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. இனி பாக்கி இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது.

வெயில் பக்கத்தில் ஒரு முட்புதர் உண்டு. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலான பிறகும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அதன் வேர் மேல் மண்ணை நம்பி இல்லை, பாறை வெடிப்பில் இறங்கியிருக்கிறது. குழம்பு ஆறும்போது சுருங்கித் தூண் தூணாக வெடித்த பாறை அது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் கை நுழைகிற இடுக்கு இருக்கும். மேலேயிருந்து மண் அதில் இறங்கி நிரம்பியிருக்கும். அங்கே கம்பியை இறக்கினால் கைப்பிடி வரைக்கும் போகும். ஆள் படுக்கிற இடம் இல்லை, கம்பி நுழைகிற இடம், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். ஆறடி மண் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அன்று மதியம் திருகாணியோடு ஏறி, வீட்டு ஜன்னலுக்கு நேர் மேலே நின்ற ஒரு புதரடிக்குப் போனேன். காலால் மண்ணைத் தள்ளி வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இங்க ஒரு இடம் இருக்கு, வா."

ஓடி வந்தான். அவன் கண் முன்னாலேயே கம்பியை நட்டு, கைப்பிடியைச் சுற்றினேன். முதல் கோடு இறங்கியது. இரண்டாவது இறங்கியது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். மூன்று, நான்கு. எடுத்துத் திருகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி இறக்கினேன். கைப்பிடி புல்லைத் தொட்டது.

"ஆறடி," என்றேன்.

அண்ணன் முழங்காலிட்டு அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தான். "ஒரு சாண் தள்ளிப் பாத்தியா?"

"பாத்துட்டேன். நாலு பக்கமும் பாத்துட்டேன். ஆள் படுக்கிற அளவுக்கு இருக்கு." அவன் முகத்தைப் பார்க்காமல் நாலு கல்லைப் பொறுக்கி நாலு மூலையில் வைத்தேன். "இப்பவே வெட்டிப் போட்டா மழையில சரிஞ்சுடும். வேணுங்கறப்போ வெட்டிக்கலாம். எழுந்திரு. இங்க உனக்கு வேலை இல்ல. கீழே போ."

அவன் அப்படியே மண்டியிட்டிருந்தான். பிறகு தலையை ஆட்டினான். "சரி. நீ போ. கடப்பாரை அங்கேயே கிடக்கு. உன் திருகாணியையும் நானே எடுத்துட்டு வரேன்."

நான் இறங்கிவந்து அடுப்பைப் பற்றவைத்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான். கடப்பாரையையும் கம்பியையும் சுவரோரம் சாத்திவிட்டு, தொட்டியில் கையை நகக்கண் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். சட்டை மாற்றினான். ஒரு முக்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்குப் போக வேண்டுமென்றால் என்னை அனுப்பினான். அவள் நகத்தை வெட்டிவிட்டான். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தான். எந்த ஆடு நொண்டுகிறது, எது குட்டி போடும், எது வேலி தாண்டியது என்று எல்லா வம்பையும் ஒன்றுவிடாமல் சொன்னான். கல்யாணமான புதிதில் வாங்கிய கம்பளி நீலமா சாம்பலா என்று இரண்டு பேரும் அரை நாள் சண்டை போட்டார்கள். ஒரு மதியம் அவன் கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். அண்ணி அவன் தலைமுடியில் விரலை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இந்தக் குறட்டையைக் கேக்கவாடி இவ்வளவு ஆசைப்பட்டேன்?" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"இடம் கிடைச்சிடுச்சாமே?" என்றாள் பிறகு.

நான் அவளுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ம்."

"வெயில் பக்கமே?"

"ம்."

"மண்ணாங்கட்டி," என்றாள், மிகவும் மெதுவாக. நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அந்தக் குரலைக் கேட்டால், ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

இரண்டொரு நாளில் போய்விட்டாள். நல்ல வெயில் நேரம். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. அண்ணன் அவள் பாதம் இரண்டையும் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் போய்விட்டாள் என்று நான் சொன்ன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்த பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நாலு கல்லுக்கு நடுவில் அவன் கடப்பாரையைப் போடுவான். முழங்கை ஆழத்தில் டங்கென்று நிற்கும். அப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பான். பொண்டாட்டி செத்த துக்கத்தோடு தங்கை ஏமாற்றியதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். வார்த்தைகளைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

காலையில் பார்த்தால் அண்ணன் இல்லை. அலறியடித்துக்கொண்டு வெயில் பக்கம் ஏறினேன். புதரடியில் நாலு கல்லும் வைத்தது வைத்தபடி இருந்தது. அவனைக் காணோம். சத்தமும் இல்லை. அப்போதுதான், சுவரோரம் கடப்பாரை சாத்தியபடியே இருந்ததும் மண்வெட்டி மட்டும் இல்லாததும் மனதில் தட்டியது. திரும்பி ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். நிழல் சரிவில், தோள் வரை மண்ணுக்குள் நின்று அண்ணன் வெட்டிக்கொண்டிருந்தான்.

இறங்கி, ஓடையைத் தாண்டி, மூச்சிரைக்கப் போய் நின்றேன். மாவு மாதிரி மண். மண்வெட்டி போட்டால் வெண்ணெயாக இறங்கியது. ஒரு கல் தட்டவில்லை. இத்தனை நாள் அந்தப் பக்கம் அத்தனை சத்தம் போட்டவன், இங்கே சத்தமே இல்லாமல் வெட்டி முடித்திருந்தான். அவ்வளவு சுலபமாக வந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"அண்ணா, அந்த இடம்..." என்று ஆரம்பித்தேன்.

"முழங்கை ஆழம்," என்றான், நிமிராமல். "அன்னிக்கே பாத்தேன். நீ இறங்கிப் போனதும் உன் கம்பியை எடுத்து ஒரு சாண் தள்ளிக் குத்தினேன். நின்னுடுச்சு. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். எல்லாம் நின்னுடுச்சு."

"தெரிஞ்சுமா கீழே வந்தே?" என்றேன்.

அவன் மண்வெட்டியை ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். கொப்புளமெல்லாம் உடைந்து காய்ந்திருந்தன. "நீ மண்ணைப் பத்திப் பொய் சொல்ற ஆளு இல்லையே. நீயே பொய் சொல்றேன்னா, அவளுக்கு நேரமே இல்லன்னு அர்த்தம். அதுவரைக்கும் எனக்குப் புரியல. புரிஞ்சுக்க வேணாம்னுதானே மேலேயே கிடந்தேன்." வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். உதட்டில் மண் ஒட்டியது. "அவ படுத்திருக்கறதைப் பாக்க முடியலம்மா. கையில கடப்பாரை இருந்தா ஒண்ணும் தெரியல."

நான் குழிக்குள் இறங்கினேன். இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தில் நின்றபடி கட்டிக்கொண்டு அழுதோம். சின்ன வயதில்கூட நாங்கள் அப்படி அழுததில்லை.

அக்கம்பக்கத்து மேய்ச்சல்காரர்கள் சிலர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் தாண்டியதும் அண்ணன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வெயில் பக்கம் ஏறினான். எதற்கென்று கேட்கவில்லை, நானும் ஒரு சாக்கோடு பின்னாலேயே போனேன். அவன் தோண்டி எறிந்த குழிகளின் ஓரமெல்லாம் கல் குவியல். காலையிலிருந்து வெயிலில் கிடந்து சுட்டது. ஒவ்வொரு குவியலிலும் மேலே கிடந்த கல்லைத் தொட்டுப் பார்த்து, சூடானதாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டான். தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும்போது அந்தச் சூடு சாக்கையும் புடவையையும் தாண்டி என் முதுகில் இறங்கியது.

குழியின் அடியில், காலடி வரும் பக்கத்தில் அந்தக் கற்களைப் பரப்பினான். நான் மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். வேகமாக அடுக்கினான், ஆறிவிடக் கூடாது என்கிற மாதிரி. பிறகு சாம்பல் நிறத்திலிருந்த அந்தப் பழைய கம்பளியை மடித்து மேலே விரித்தான். கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "சூடாத்தான் இருக்கு," என்றான்.

"ஆமாண்ணா," என்றேன்.

அந்தக் கல் எவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஈரமான மண் அதை எத்தனை சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்பதும் தெரியும். அதெல்லாம் என் வேலை. அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாவது பொய்யையும் சொல்லியிருப்பேன்.